வானில் செல்லும் வாத்தியப் பெட்டி

தஞ்சை நாட்டு நாதஸ்வர வித்துவான்கள் ஈழத்துக் கோயில் திருவிழாக்களுக்கு வந்துபோன காலத்தை முதியோர் பலர் இன்னும் நினைவில் வைத்திருக்கின்றனர். 1914ஆம் ஆண்டில் தொடங்கிய தனுஷ்கோடி – தலைமன்னார்க் கப்பற் சேவை, 1964ஆம் ஆண்டு டிசெம்பர் மாதப் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை, இரு கரைகளையும் இணைத்து வந்தது. புகைவண்டியிலிருந்து கப்பலுக்கும், கப்பலிலிருந்து மீண்டும் புகைவண்டிக்கும் மாறிச் செல்லும் அந்தப் பயணத்தில் வித்துவானின் வாத்தியம் அவர் கையோடே இருக்கும். தவில் உறையிட்டபடி அருகில் இருக்கும். வாத்தியக்காரரும் வாத்தியமும் பிரியாமலே வந்து சேர்ந்தனர்.

இக்காலத்து இசைக் கலைஞரின் பயணம் அத்தகையதன்று. ரொறொன்ரோ நகரில் வாழும் நம்மவர் நடத்தும் மெல்லிசை நிகழ்ச்சி ஒன்றிற்காகக் கொழும்பிலிருந்து புறப்படும் ஒரு கிற்றார்க் கலைஞரை நேயர்கள் மனக்கண் முன் நிறுத்திப் பார்க்கலாம். தோளிலே கிற்றார், கையிலே ஒரு கனத்த பெட்டி. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அப்பெட்டியைத் தராசில் வைத்த அலுவலர், அனுமதிக்கப்பட்ட நிறையை அது தாண்டிவிட்டதென்றும், விமானத்தின் அடியிலுள்ள பொதியறைக்கே அதனை அனுப்ப வேண்டுமென்றும் கூறுகின்றார். பின்னால் நீண்ட வரிசை காத்து நிற்கின்றது. அந்த ஒரு நிமிடத்தில் கலைஞர் எடுக்கும் முடிவு, இரண்டு நாட்களின் பின் மேடையில் அவருடைய வாத்தியம் பேசுமா, ஊமையாகுமா என்பதைத் தீர்மானிக்கக்கூடும். முன்கூட்டியே சிந்தித்திருந்தால் அந்த நிமிடம் அவரைத் திகைக்க வைக்காது. என்ன சிந்திக்க வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் அப்பெட்டியில் இருப்பது யாதென அறிதல் வேண்டும். மின்கிற்றாரின் கம்பி அதிரும்போது, அதன் கீழ் உள்ள காந்தச் சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் எழுகின்றது. அதனை ஒலிபெருக்கி பெரிதாக்கி நமக்குக் கேட்கச் செய்கின்றது. கிற்றாருக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே அந்த மின்னோட்டத்தைப் பிடித்து உருமாற்றுகின்ற சிறு பெட்டிகளை வைக்கலாம். ஒன்று ஒலியைக் கரகரக்கச் செய்யும். இன்னொன்று மலையடிவாரத்தில் கூவியது போல எதிரொலிக்கச் செய்யும். வேறொன்று அழுவது போலவும் சிரிப்பது போலவும் வளைத்துக் காட்டும். வாசிப்பவர் காலால் மிதித்து இவற்றை இயக்குவதால் 'பெடல்' என்று அழைக்கின்றனர்.

இவற்றுள் புகழ்பெற்ற ஒன்று பிழையிலிருந்து பிறந்ததென்பது சுவையான செய்தியாகும். 1960ஆம் ஆண்டளவில், அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்து ஒலிப்பதிவுக் கூடமொன்றில், பழுதுற்ற மின்பகுதி ஒன்றினூடாக வந்த கிற்றார் ஒலி கரகரத்துக் கேட்டது. அதனைக் குறையென்று ஒதுக்காது, அந்தக் கரகரப்பை வேண்டும்போது உண்டாக்கும் சுற்று ஒன்றைக் கிளென் ஸ்னொடி என்ற ஒலிப்பதிவாளர் அமைத்தார். 1962ஆம் ஆண்டில் அது 'மேஸ்ட்ரோ' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1965ஆம் ஆண்டில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் தம் பாடலொன்றில் அதனைப் பயன்படுத்திய பின், உலகெங்கும் அவ்வொலி பரவியது. 1977ஆம் ஆண்டில் ஜப்பானிய நிறுவனமான 'பொஸ்' உள்ளங்கையில் அடங்கும் பெடல்களை வெளியிடத் தொடங்கியது.

பெரும்பாலான பெடல்களுக்கு வேண்டிய மின்சாரம் 9 வோல்ற்றே. 1950களில் திரான்சிற்றர் வானொலிக்கென்று வந்த அதே சதுர வடிவ மின்கலமே பெடலுக்கும் உணவாயிற்று. வானொலி நேயர்களுக்கும் மேடைக் கலைஞர்களுக்கும் இடையே இப்படியும் ஓர் உறவு உண்டு.

இத்தகைய பெடல் ஒன்றின் நிறை ஏறத்தாழ 400 கிராம். பத்துப் பெடல்களைப் பலகையொன்றில் பொருத்தி, இணைப்புக் கம்பிகளையும் மின்வழங்கியையும் சேர்த்து, உறுதியான பெட்டியில் வைத்தால் நிறை 10 கிலோகிராமை எளிதில் தாண்டிவிடும். பல விமான நிறுவனங்கள் பயணி கையோடு கொண்டுசெல்ல அனுமதிப்பதோ 7 கிலோகிராம். பொதியறைக்கு அனுப்பும் பெட்டிக்கு 23 கிலோகிராம் என்பது பரவலான வரம்பு. சுமை தூக்கும் தொழிலாளரின் உடல்நலம் கருதி, தனிப் பெட்டி ஒன்று 32 கிலோகிராமுக்கு மேற்படலாகாது என்ற விதியும் பல இடங்களில் உண்டு.

நிறையோடு இடமும் ஒரு பிரச்சினையே. தஞ்சை வித்துவான்களின் வழித்தோன்றல்கள் இன்று யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறி வரவேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டில் பலாலி விமான நிலையம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபின் சென்னையிலிருந்து அங்கு விமானங்கள் வரத்தொடங்கின. ஆனால் அச்சேவை தொடங்கியபோது வந்தவை எழுபது பேரளவில் அமரக்கூடிய சிறு விமானங்கள். அத்தகைய விமானத்தில் தலைக்கு மேலுள்ள பொதித்தட்டு மிகச் சிறியது. பெரிய விமானத்தில் கையோடு வந்த பெட்டி, இடைவழியில் சிறு விமானத்துக்கு மாறும்போது பொதியறைக்குப் போக நேரலாம். ஆகையால், பயணத்தின் எல்லாக் கட்டங்களிலும் எவ்வகை விமானம் பறக்கின்றதென்பதைப் பயணச்சீட்டுப் பெறும்போதே கேட்டறிவது நன்று.

பொதியறைக்குப் போன வாத்தியத்துக்கு நேரக்கூடிய கதிக்கு ஒரு புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. டேவ் கரோல் என்ற கனடா நாட்டுப் பாடகர் 2008ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஹலிபாக்ஸ் நகரிலிருந்து அமெரிக்காவின் ஒமாகா நகருக்குப் பறந்தார். இடையில் சிக்காகோ விமான நிலையத்தில் தம் குழுவினரின் கிற்றார்கள் எறியப்படுவதாக விமானத்துக்குள் இருந்தவர்கள் கண்டனர். போய்ச் சேர்ந்தபோது 3,500 டொலர் பெறுமதியான அவருடைய கிற்றார் உடைந்திருந்தது. திருத்துவதற்கு 1,200 டொலர் செலவாயிற்று. உரிய காலத்தில் முறையிடவில்லையென்று கூறி நட்டஈடு மறுக்கப்பட்டது. பல மாதங்கள் எழுதிச் சலித்த அவர், 2009ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அதனையே ஒரு பாடலாக்கி இணையத்தில் வெளியிட்டார். பல இலட்சம் மக்கள் அதனைக் கேட்டனர்.

அந்நிகழ்ச்சிக்குப் பின் அமெரிக்காவில் சட்டம் சற்றுத் தெளிவடைந்தது. 2012ஆம் ஆண்டு நிறைவேறிய விமானப் போக்குவரத்துச் சட்டமும், அதன்படி 2015ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த விதிகளும், வயலின், கிற்றார் போன்ற வாத்தியங்களைப் பயணி ஏறும் வேளையில் இடம் இருக்குமாயின் உள்ளே கொண்டுசெல்ல அமெரிக்க விமான நிறுவனங்கள் அனுமதிக்க வேண்டும் என்கின்றன. பெரிய வாத்தியத்துக்குத் தனி இருக்கை வாங்கினால், 165 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 75 கிலோகிராம் வரை, உரிய பாதுகாப்பு நிபந்தனைகளோடு அதனை அமர்த்திக் கொண்டுசெல்லலாம். ஆயினும் 'இடம் இருக்குமாயின்' என்ற சொற்றொடரைக் கவனிக்க வேண்டும். கடைசியாக ஏறுபவருக்கு அச்சட்டம் உதவாது.

நட்டஈடு பற்றி மொன்றியல் உடன்படிக்கை கூறுவதும் கலைஞர் அறிந்திருக்க வேண்டியதே. அவ்வுடன்படிக்கைக்கு உட்பட்ட பயணத்தில் பொதி சேதமுற்றால், அதனைப் பெற்ற நாளிலிருந்து 7 நாட்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். பொதி தாமதமாக வந்து சேர்ந்தால் 21 நாட்களுக்குள் முறையிட வேண்டும். 2024ஆம் ஆண்டு டிசெம்பர் 28ஆம் திகதி முதல் ஒரு பயணிக்குரிய உச்ச வரம்பு 1,519 சிறப்பு எடுப்பனவு உரிமை அலகுகளாகும். இது ஏறத்தாழ 2,000 அமெரிக்க டொலருக்குச் சமம். பெட்டியின் பெறுமதி இதனிலும் கூடுமாயின், புறப்படுமுன் பெறுமதியை வெளியிட்டு மேலதிகக் கட்டணம் செலுத்தலாம். அல்லது தனியே காப்புறுதி செய்யலாம். ஒவ்வொரு பெடலையும் படம் பிடித்து, தொடரிலக்கத்தைக் குறித்து வைத்தவரே முறையீட்டில் வெல்வார்.

இனி, சோதனைச் சாவடி. கம்பிகளும் சுற்றுகளும் நிறைந்த பெட்டி ஊடுகதிர்த் திரையில் ஐயத்துக்குரிய பொருளாகத் தோன்றுதல் இயல்பே. அதில் அலுவலரைக் குறைகூற இடமில்லை. பெடல்களை அடுக்கடுக்காய்த் திணிக்காது ஒரே தளமாகப் பொருத்தி, மேல் மூடியைத் திறந்தவுடன் எல்லாம் தெரியும்படி வைத்தால் சோதனை விரைவில் முடியும். இசைக்கருவி என்று தெளிவாக எழுதிய பட்டியலொன்றை மூடியின் உட்புறத்தில் ஒட்டிவைத்தலும் பயன் தரும்.

மின்கலங்களில் இன்னும் அவதானம் வேண்டும். இலிதியம் மின்கலம் பழுதுற்றாற் கடும் வெப்பமடைந்து தீப்பற்றக்கூடும். பொதியறையில் அத்தீயைக் காண்பாரில்லை. பயணிகள் அறையிலாயின் உடனே அணைக்கலாம். அதனாலேயே உதிரியான இலிதியம் மின்கலங்களையும் மின்சேமிப்புப் பெட்டிகளையும் பொதியறைக்கு அனுப்பலாகாது என்ற விதி எழுந்தது. 100 வாற்று மணிக்குட்பட்டவற்றைக் கையோடு கொண்டுசெல்லலாம். 100 முதல் 160 வரையானவற்றுக்கு விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். கணக்கிடுதல் எளிது. 20,000 மில்லி அம்பியர் மணி கொண்ட 3.7 வோல்ற்று மின்கலத்தை எடுத்தால், 20 ஐ 3.7 ஆற் பெருக்க 74 வாற்று மணி வரும். சாதாரண 9 வோல்ற்று மின்கலத்தின் இரு முனைகளும் அருகருகே இருப்பதால், சாவியோ நாணயமோ பட்டாலும் குறுஞ்சுற்று உண்டாகும். முனைகளின் மேல் ஒட்டு நாடா ஒட்டிவிட்டால் அந்த அச்சம் நீங்கும்.

பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது என்றே கொள்ளலாம். மேடையில் வேறொரு பகை காத்திருக்கின்றது. அது மின்சாரம். இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று, செக்கனுக்கு 50 சுற்று. இங்கிலாந்திலும் அவ்வாறே. கனடாவிலும் அமெரிக்காவிலும் 120 வோல்ற்று, 60 சுற்று. ஜப்பானில் 100 வோல்ற்று; சுற்றோ கிழக்குப் பகுதியில் 50, மேற்குப் பகுதியில் 60. செருகியின் முள்ளை மாற்றித் தரும் சிறு பொருத்தி வோல்ற்றளவை மாற்றாது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். கனடாவில் வாங்கிய 120 வோல்ற்றுக் கருவியைப் பொருத்தி மூலம் கொழும்பில் செருகினால் அது புகைந்துவிடும். கொழும்புக் கருவியை ரொறொன்ரோவில் செருகினால் அது சோர்ந்து கிடக்கும். '100 – 240' என்று பொறிக்கப்பட்ட மின்வழங்கி எங்கும் இயங்கும். பயணக் கலைஞருக்கு ஏற்றது அதுவே. பெடலுக்குச் செல்லும் 9 வோல்ற்றிலும் நேர் முனை எது, எதிர் முனை எது என்று பார்த்தே இணைக்க வேண்டும். பெரும்பாலான பெடல்களில் நடு முள் எதிர் முனையாகும்.

சுற்று எண்ணிக்கை மாறுவதால் என்ன நேரும் என்பதற்கு ஹமண்ட் ஓர்கன் நல்ல சான்று. 1935ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வாத்தியத்தில், மின்சாரத்தின் சுற்றுக்கு ஒத்து ஓடும் மோட்டார் ஒன்று பற்சக்கரங்களைச் சுழற்றி ஒலியை உண்டாக்குகின்றது. 60 சுற்றுக்கென அமைந்த ஓர்கனை 50 சுற்று மின்சாரத்தில் இயக்கினால், மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும்; சுருதி ஏறத்தாழ மூன்று அரைச்சுரங்கள் இறங்கிவிடும். வோல்ற்றளவைச் சரிசெய்தாலும் இது சரியாகாது. பாடகர் ஒரு சுருதியிலும் ஓர்கன் வேறொரு சுருதியிலும் நின்றால் கச்சேரி என்னாகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

கம்பியில்லா ஒலிவாங்கியும் கம்பியில்லாக் கிற்றார் இணைப்பும் வானலைகளைப் பயன்படுத்துவன. வானலைகளோ ஒவ்வொரு நாட்டிலும் சட்டத்தாற் பங்கிடப்பட்டவை. அமெரிக்காவில் 700 மெகாஹேட்ஸ் பகுதியில் இயங்கும் ஒலிவாங்கிகள் 2010ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் தடைசெய்யப்பட்டன. 600 மெகாஹேட்ஸ் பகுதியின் பெரும்பங்கும் 2020ஆம் ஆண்டு ஜூலை மாதத்தோடு கைப்பேசிச் சேவைக்குப் போய்விட்டது. ஆகவே ஒரு நாட்டில் நன்றாக இயங்கிய கருவி, வேறொரு நாட்டில் சட்டத்துக்கு மாறானதாகலாம். நீண்ட கம்பி ஒன்றை உடன் கொண்டுசெல்பவருக்கு இக்கவலை இல்லை.

காற்றின் ஈரப்பதனும் கருவிகளைப் பாதிக்கும். பறக்கும் விமானத்தினுள் அமுக்கம் 6,000 முதல் 8,000 அடி உயரமான மலையுச்சியில் உள்ள அளவுக்குக் குறைந்திருக்கும். ஈரப்பதன் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழ். கொழும்பின் ஈரக் காற்றில் வாழ்ந்த மரமும் தோலும் அங்கே வறண்டு சுருங்கத் தொடங்கும். திரும்பி வரும்போது நிலைமை நேர்மாறானது. குளிர்ந்த பொதியறையிலிருந்து இறங்கிய பெட்டியை நம் நாட்டுக் காற்றில் உடனே திறந்தால், குளிர்ந்த நீர்க் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பது போலப் பெடல்களுக்குள்ளும் நீர்த்துளிகள் படியும். அந்நிலையில் மின்சாரம் பாய்ச்சுவது ஆபத்து. சில மணி நேரம் மூடிய பெட்டியாகவே வைத்திருந்து, சூழலின் வெப்பத்தை அடைந்தபின் திறப்பதே முறை.

இத்தனை இடர்களும் கூடியதன் விளைவாகக் கருவிகளே உருமாறத் தொடங்கின. 1989ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் அன்ட்ரூ பார்ட்டா என்பவர், பாரமான ஒலிபெருக்கியின் குரலைச் சிறு பெட்டியிலிருந்தே தரும் 'சான்ஸ்அம்ப்' என்ற கருவியை வெளியிட்டார். 1998ஆம் ஆண்டில் வந்த 'பொட்' என்ற கருவி, கிற்றாரின் மின்னோட்டத்தை எண்களாக மாற்றி, பல ஒலிபெருக்கிகளின் தன்மையைக் கணக்கினாலேயே உண்டாக்கியது. 2011ஆம் ஆண்டில் ஜேர்மனியின் 'கெம்பர்', ஒருவரது சொந்த ஒலிபெருக்கியினூடாகச் சோதனை ஒலிகளைச் செலுத்தி, அதன் குணத்தைப் பதிந்து வைக்கும் வழியைக் காட்டியது. 2014ஆம் ஆண்டில் பார்ட்டாவின் நிறுவனம் ஓரடிக்கும் குறைந்த நீளத்தில், பயணப்பைக்குள் அடங்கும் பெடல் தொகுதியை விற்பனைக்கு விட்டது. ஆங்கிலத்தில் அதற்கிட்ட பெயரிலேயே 'பறத்தல்' என்ற சொல் இருந்தது.

இப்போது கலைஞர் தம் ஒலி அமைப்புகளை விரல்நுனி அளவான நினைவகத்தில் எடுத்துச் சென்று, போன ஊரில் அதே வகைக் கருவியை வாடகைக்குப் பெற்று, தம் குரலை அதில் ஏற்றிக்கொள்ளவும் முடிகின்றது. பத்துப் பெட்டிகள் செய்த தொழிலை ஒரு பெட்டி செய்வதில் இலாபம் உண்டு, இடரும் உண்டு. பத்தில் ஒன்று பழுதானால் மற்ற ஒன்பதும் கைகொடுக்கும். இருப்பதே ஒன்றாயின், அது பழுதானால் எல்லாம் போயிற்று. அதனால் அனுபவமுள்ளோர் மலிவான சிறு பெடல் ஒன்றையேனும் துணைக்கு வைத்திருப்பர்.

ஆகவே பயணப் பொருள்களைக் கலைஞர் மூன்றாக வகுத்துக்கொள்வது தக்கது. வேறெங்கும் கிடைக்காதவை முதல் வகை: கைக்குப் பழகிய கிற்றார், தம் ஒலிக்கு உயிரான இரண்டு மூன்று பெடல்கள், மின்வழங்கி, அமைப்புகளைப் பதிந்த நினைவகம். இவை கையோடு வரவேண்டும். தேவையானவை, ஆயினும் தொலைந்தால் அவ்வூர்க் கடையில் வாங்கத்தக்கவை இரண்டாம் வகை: கம்பிகள், தாங்கிகள், மேலதிகப் பெடல்கள். இவை பொதியறைக்குச் செல்லலாம். ஒலிபெருக்கி, தாள வாத்தியத் தொகுதி, பெரிய ஓர்கன் ஆகியவை மூன்றாம் வகை. இவற்றை நிகழ்ச்சி நடத்துவோரே ஒழுங்குசெய்ய வேண்டும். வேண்டிய வகையையும் மின்சார விவரத்தையும் வாரங்களுக்கு முன்பே எழுதியனுப்பி, எழுத்தில் உறுதி பெறவேண்டும். புறப்படுமுன் ஒரு நாள், முதல் வகையை மட்டும் வைத்து முழு நிகழ்ச்சியையும் வீட்டில் வாசித்துப் பார்த்தவர், பொதியறைப் பெட்டி வேறு நகருக்குப் போய்விட்டாலும் மேடையேறுவார்.

நம் சங்கீத உலகமும் இவ்வழியிற் சென்றதே. நீண்ட தண்டும் பெரிய குடமும் கொண்ட தம்புராவைப் பயணத்திற் காப்பது எத்துணை அரிதென்பதைப் பாடகர் அறிவர். 1979ஆம் ஆண்டில் பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் மின்னணுத் தம்புராவை உருவாக்கியபின், கைப்பைக்குள் அடங்கும் சுருதியோடு கடல் கடந்தவர் பலர். தம்புராவின் இனிமை முழுவதும் அதில் இல்லையென்று குறைப்பட்டோரும் உண்டு. அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் கச்சேரி நடைபெற்றது. பாடகர் சுருதி பிசகாது பாடினார்.

'வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்' என்பது நம் முன்னோர் வாக்கு. எந்தப் புல்லைக் கையில் எடுப்பது என்று அறிவதும் வல்லமையின் ஒரு பகுதியே. எது தன் ஒலி, எது அதற்கு வெறும் அலங்காரம் என்பதைத் தராசின் முன் நிற்கும் வேளையிலன்றி, வீட்டிலேயே அமைதியாக ஆராய்ந்து தெளிந்த கலைஞரின் பெட்டி சிறிதாகவே இருக்கும். அவருடைய வாத்தியம் எந்த ஊர் மேடையிலும் பேசும்.